குறைந்த கார்பன் சிமெண்டில் நானோ சிலிக்கா: முதல் சோதனைக் கலவையை ஒழுங்காகப் போடுவது எப்படி

சிமெண்டில் பாதியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஃப்ளை ஆஷ் (அனல் மின் நிலையத்தில் நிலக்கரி எரித்த சாம்பல்) போட்டால் கார்பன் கணிசமாகக் குறையும். ஆனால் மறுநாள் அச்சைக் கழற்றும்போது சோதனைக் கியூபின் ஓரம் கையோடு உதிர்ந்து வரலாம். 28 நாளில் ஓரளவு தேறும், 90 நாளில் நன்றாகவே இருக்கும். கட்டுமானத்தில் யாரும் அவ்வளவு நாள் காத்திருக்க மாட்டார்கள். இந்த ஆரம்ப கால பலவீனத்தைப் போக்கத்தான் நானோ சிலிக்காவை, அதாவது மிக நுண்ணிய சிலிக்காத் துகள்களைச் சேர்க்கிறோம்.

புதிதாக இதில் இறங்குபவர்கள் பலரைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அவர்கள் கலவை தோற்பதற்குப் பெரும்பாலும் நானோ பொருள் காரணமாக இருப்பதில்லை. தண்ணீரைத் தப்பாகக் கணக்கிடுவது, பொருளைச் சரியாகப் பரவச் செய்யாமல் போடுவது, நியாயமான ஒப்பீடு இல்லாமல் முடிவு சொல்வது, இந்த மூன்றில்தான் தடுக்கி விழுகிறார்கள். எல்லாமே வரிசை சம்பந்தப்பட்டவை. அதனால் இங்கேயும் வரிசையாகவே போவோம்.

1. எந்தப் பிணைப்பானுக்கு (சிமெண்டும் அதற்கு மாற்றாகப் போடும் பொடிகளும்) எந்த நானோ பொருள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

நானோ சிலிக்கா இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, அதன் பரப்பு வித்துப் போல இருந்து, சிமெண்டுக்கு வலிமை தரும் கால்சியம் சிலிக்கேட் ஹைட்ரேட் அதன்மேல் வளர இடம் கொடுக்கிறது. அதனால் கிளிங்கரின் (சூளையில் சுட்டெடுக்கும், சிமெண்டின் முக்கியப் பகுதி) வினை வேகமாகிறது. இரண்டு, கிளிங்கர் வெளியிடும் கால்சியம் ஹைட்ராக்சைடோடு அதுவே வினைபுரிந்து மேலும் பிணைப்புப் பொருளை உருவாக்குகிறது.

இதன் அளவு புரிய ஒரு சின்னக் கணக்கு. கிராமுக்கு 200 சதுர மீட்டர் பரப்புள்ள நானோ சிலிக்கா 10 கிராம் எடுத்தால் மொத்தப் பரப்பு 2000 சதுர மீட்டர். கிராமுக்கு 0.35 சதுர மீட்டர் உள்ள சாதாரண சிமெண்ட் 500 கிராமில் 175 சதுர மீட்டர்தான். பத்து கிராம் பொருள் முழுக் கலவையின் போக்கை மாற்றுவதற்கும், அதே பத்து கிராம் தண்ணீரை உறிஞ்சிக் கலவையைக் கட்டியாக்குவதற்கும் காரணம் இந்தப் பரப்புதான்.

இரண்டாவது வேலைக்குக் கால்சியம் ஹைட்ராக்சைடு வேண்டும். போர்ட்லேண்ட் சிமெண்ட் பாதி, ஃப்ளை ஆஷ் பாதி உள்ள கலவையில் ஆரம்ப நாட்களில் அது இருக்கும், ஏனென்றால் ஃப்ளை ஆஷ் மெதுவாகத்தான் வினைக்கு வருகிறது. ஆனால் சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல் தூளும் சேர்ந்த எல்சி3 வகையில் கதை வேறு. அதன் வழக்கமான விகிதம் கிளிங்கர் 50%, சுட்ட களிமண் 30%, சுண்ணாம்புக்கல் 15%, ஜிப்சம் 5%. அந்தக் களிமண்ணே கால்சியம் ஹைட்ராக்சைடை வேகமாகத் தின்றுவிடும். அங்கே நானோ சிலிக்காவைப் போட்டால் அது களிமண்ணோடு போட்டிக்கு நிற்கும். எல்சி3-க்கு நானோ கால்சியம் கார்பனேட்டோ, ஆயத்தமாகக் கிடைக்கும் கால்சியம் சிலிக்கேட் ஹைட்ரேட் வித்துகளோ பொருத்தம் என்பது என் கருத்து.

கார்பன் நானோ குழாய், கிராஃபீன் ஆக்சைடு இரண்டையும் முதல் சோதனைக்கு எடுக்க வேண்டாம். நானோ குழாயைத் தண்ணீரில் பிரிப்பதே தனி வேலை. கிராஃபீன் ஆக்சைடு சிமெண்டின் கால்சியம் அயனியைக் கண்டதும் திரண்டுவிடும். நானோ சிலிக்காவில் கை பழகியபின் அவற்றுக்குப் போகலாம்.

இனி வரும் படிகள் சிமெண்ட் 50, ஃப்ளை ஆஷ் 50 கலவைக்கானவை. சிமெண்ட் இல்லாமல் ஆல்கலி (கடும் காரம்) கொண்டு தூண்டும் கலவைகளுக்கு வரிசை மாறும், அதைத் தனியாகச் சொல்கிறேன்.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நானோ சிலிக்காவைக் கூழ்மமாக, அதாவது தண்ணீரில் ஏற்கெனவே பரவிய திரவமாக வாங்குங்கள். பொடி விலை குறைவாகத் தெரியலாம், ஆனால் அதைப் பரவச் செய்வதற்குள் நாள் போய்விடும். கூழ்மத்தின் விவரத்தாளில் மூன்று எண்களைப் பாருங்கள்: திடப்பொருள் எத்தனை சதவீதம், துகள் அளவு, நிலைப்படுத்தப் பயன்பட்டது சோடியமா அம்மோனியாவா. அம்மோனியா வகை சிமெண்டின் காரத்தில் பட்டதும் மூக்கைத் துளைக்கும் வாயுவை விடும், மூடிய அறைக்கு அது ஆகாது.

கூழ்மம் உறைந்துபோன சரக்காக இருக்கக் கூடாது. ஒருமுறை உறைந்தால் துகள்கள் ஒட்டிக்கொள்ளும், உருகினாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. பாட்டிலைச் சாய்த்துப் பாருங்கள். அடியில் ஜெல்லி போல ஏதாவது நின்றால் அதைப் பயன்படுத்தாதீர்கள்.

ஃப்ளை ஆஷில் எரியாத கார்பன் எவ்வளவு மிச்சம் என்று தெரிந்துகொள்ளுங்கள். சூடாக்கும்போது ஏற்படும் எடை இழப்பு அதைக் காட்டும். கார்பன் அதிகமானால் அது சூப்பர் பிளாஸ்டிசைசரை (தண்ணீரைக் கூட்டாமல் கலவையை ஓட வைக்கும் சேர்மானம்) உறிஞ்சிக்கொள்ளும். பிறகு கலவை கட்டியாவதற்கு நானோ சிலிக்காவைக் குற்றம் சொல்லிக்கொண்டிருப்போம்.

இவற்றோடு பாலிகார்பாக்சிலேட் வகை சூப்பர் பிளாஸ்டிசைசர், காய்ந்த தரப்படுத்திய மணல், அயனி நீக்கிய தண்ணீர், 0.1 கிராம் வரை காட்டும் தராசு, மார்ட்டர் மிக்சர், 50 மி.மீ. கியூப் அச்சுகள், கலவை எவ்வளவு பரவி ஓடுகிறது (ஃப்ளோ) என்று அளக்கும் ஃப்ளோ டேபிள் வேண்டும். குழாய்த் தண்ணீர் வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. அதில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் கூழ்மத்தைச் சிமெண்டுக்குப் போவதற்கு முன்பே திரளச் செய்யும்.

3. பாதுகாப்பு

பொடியாக வாங்கினால் டப்பாவைத் திறப்பது, எடை போடுவது இரண்டும் உறிஞ்சு விசிறியுள்ள பெட்டிக்குள்தான் நடக்க வேண்டும். நல்ல தூசிமுகமூடி போட்டுக்கொள்ளுங்கள், சாதாரணத் துணி முகமூடி இதற்குப் போதாது. மேசையில் சிந்தியதை உலர்ந்த துணியால் தட்டாமல் ஈரத் துணியால் துடையுங்கள். கூழ்மம் சிந்தினால் காய்வதற்குள் துடைத்துவிடுங்கள், காய்ந்தால் அதுவும் தூசிதான். டைட்டானியம் டை ஆக்சைடு தூசியையும், பல சுவர் கார்பன் நானோ குழாயில் ஒரு வகையையும் மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடியவை என்ற 2பி பிரிவில் உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. எந்த நானோ பொடியையும் மாவு போலக் கையாளும் பழக்கத்தைத் தொடக்கத்திலேயே விட்டுவிடுங்கள்.

4. ஒப்பீட்டுக் கலவைகளை முன்கூட்டியே எழுதுங்கள்

நிறையப் பேர் இரண்டே கலவை போடுகிறார்கள்: நானோ இல்லாதது, நானோ உள்ளது. வலிமை கூடியதும் மகிழ்ச்சி. ஆனால் எதனால் கூடியது என்று அந்த இரண்டை வைத்துச் சொல்ல முடியாது. இரண்டாவது கலவைக்குத்தானே கூடுதல் பிளாஸ்டிசைசர் போட்டோம்? அது சிமெண்ட் துகள்களையும் நன்றாகப் பிரித்திருக்கும்.

குறைந்தது நான்கு கலவை போடுங்கள். நானோ இல்லாதது, 1% நானோ, 2% நானோ, 2% மைக்ரோ சிலிக்கா (நானோவைவிடப் பெரிய துகள் கொண்டது). சதவீதம் எல்லாம் பிணைப்பானின் எடையில். கடைசிக் கலவை முக்கியம். நானோ பொருள் விலையிலும் கார்பனிலும் அதிகம் கேட்கிறது. சாதாரண மைக்ரோ சிலிக்கா அதே பலனைத் தந்தால் நானோவுக்குத் தேவையே இல்லை. 2%-க்கு மேல் முதல் தடவையிலேயே போக வேண்டாம், துகள்கள் திரள்வதும் தண்ணீர்த் தேவையும் பலனைத் தின்னத் தொடங்கும்.

பிளாஸ்டிசைசர் அளவை எப்படி வைப்பது? 2% கலவை சரியாக ஓடுவதற்கு எவ்வளவு வேண்டுமோ, அதே அளவை நான்கிலும் போட்டுப் பாருங்கள். நானோ இல்லாத கலவை அந்த அளவில் தண்ணீர் கக்கி மணல் பிரிந்தால் மட்டும், ஒவ்வொன்றையும் ஒரே ஃப்ளோ வரும்படி தனித்தனியாகச் சரிசெய்யுங்கள். எந்த வழியில் போனாலும் அளவைக் குறித்துவையுங்கள். கலவை செட்டாகும் நேரத்தைப் பிளாஸ்டிசைசர் மட்டுமே தள்ளிப்போடும் வல்லமை கொண்டது.

நானோவுக்கு இடம் கொடுக்க ஃப்ளை ஆஷைக் குறையுங்கள், சிமெண்டைத் தொடாதீர்கள். கிளிங்கர் எல்லாவற்றிலும் ஒன்றாக இருந்தால்தான் மாற்றம் எங்கிருந்து வந்தது என்று தெரியும்.

5. தண்ணீர்க் கணக்கு: அதிகம் பேர் தவறும் இடம்

பிணைப்பான் 1000 கிராம், மணல் 2750 கிராம், தண்ணீர் பிணைப்பானில் 0.45 பங்கு என்று வைத்துக்கொள்வோம். 12 கியூபுக்கு இது போதும். மொத்தத் தண்ணீர் 450 கிராம்.

2% கலவைக்கு 20 கிராம் நானோ சிலிக்கா வேண்டும். கூழ்மத்தில் திடப்பொருள் 30% என்றால் 20 ÷ 0.30, அதாவது 66.7 கிராம் கூழ்மம் எடுக்க வேண்டும். அதில் 46.7 கிராம் தண்ணீர்தான். ஆகவே தனியாக ஊற்ற வேண்டியது 450 − 46.7 = 403.3 கிராம். பிளாஸ்டிசைசரிலும் தண்ணீர் உண்டு: 40% திடப்பொருள் உள்ளது 5 கிராம் போட்டால் 3 கிராம் தண்ணீர். அதையும் கழித்தால் 400.3 கிராம்.

இந்தக் கழித்தலை மறந்தால் விகிதம் 0.45-லிருந்து கிட்டத்தட்ட 0.50-க்கு ஏறிவிடும். அந்த ஏற்றம் மட்டுமே நானோ சிலிக்கா தரும் ஆரம்ப வலிமையை அப்படியே விழுங்கிவிடக் கூடியது. "நானோ போட்டும் பயனில்லை" என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது அவர்களின் தண்ணீர்க் கணக்குத் தாளைத்தான்.

மணலும் அப்படியே. ஈர மணலாக இருந்தால் அதன் ஈரத்தை அளந்து கழிக்க வேண்டும். சோதனைக்குக் காய்ந்த மணல் எடுத்துக்கொண்டால் ஒரு தொல்லை குறையும்.

6. பரவச் செய்தல்

கூழ்மம் என்றால் வேலை எளிது. பாட்டிலை மெதுவாகக் குலுக்கி, வேண்டிய எடையை எடுத்து, கலவைத் தண்ணீர் முழுவதிலும் ஊற்றிக் கிளறுங்கள். நீர்த்திருக்கும்போது துகள்களுக்கு இடையே தூரம் கூடும், சிமெண்டில் பட்டதும் ஒரே இடத்தில் குவிந்து திரள்வது குறையும்.

பிளாஸ்டிசைசரை இதே பாத்திரத்தில் ஊற்றத் தோன்றும். பொறுங்கள். சோடியம் வகைக் கூழ்மம் காரத் தன்மை உள்ளது, பிளாஸ்டிசைசர் பல நேரம் லேசான அமிலம். ஒரு சின்னக் குப்பியில் சில துளி கலந்து அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். கெட்டியானாலோ பால் போலத் திரிந்தாலோ இரண்டையும் சந்திக்க விடாதீர்கள். சந்தேகமே வேண்டாம் என்றால் எப்போதும் தனித்தனியாகவே ஊற்றுங்கள்.

பொடிதான் கிடைத்தது என்றால் 10 கிராம் பொடிக்கு 150 கிராம் அளவில் தண்ணீர் எடுத்து, அல்ட்ராசோனிக் ப்ரோப் வைத்துப் பிரிக்க வேண்டும். பீக்கரை ஐஸ் தொட்டியில் வையுங்கள். விட்டு விட்டு இயக்குங்கள். தொடர்ந்து இயக்கினால் திரவம் சூடாகும், தண்ணீர் ஆவியாகும், தண்ணீர்க் கணக்கு மறுபடியும் கெடும். முடித்தபின் பீக்கரை எடை போட்டுக் குறைந்த தண்ணீரை ஈடுகட்டுங்கள்.

ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். சுடரில் தயாரிக்கும் ஃப்யூம்டு சிலிக்காவின் அடிப்படைத் துகள்கள் ஒன்றோடொன்று உருகி ஒட்டியவை. ப்ரோப் எவ்வளவு நேரம் ஓடினாலும் அந்தக் கூட்டம் தனித்தனித் துகளாகப் பிரியாது, கூட்டங்களுக்கு இடையே உள்ள தளர்வான ஒட்டுதல் மட்டும்தான் விடும். பையில் 12 நானோமீட்டர் என்று அச்சிட்டிருந்தாலும் கலவைக்குள் போவது அதைவிடப் பல மடங்கு பெரியது.

பரவியதா என்று பார்க்கத் துகள் அளவி இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கண்ணாடி உருளையில் ஊற்றி ஒரு மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். அடியில் வெள்ளைப் படிவு தெரிந்தால் மறுபடி இயக்குங்கள். தயாரித்த அன்றே பயன்படுத்திவிடுங்கள்.

7. கலக்கும் வரிசை

முதலில் சிமெண்டையும் ஃப்ளை ஆஷையும் உலர்வாகக் கலந்து தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.

நானோ சிலிக்கா கலந்த தண்ணீர் முழுவதையும் மிக்சர் கிண்ணத்தில் ஊற்றுங்கள். அதன்மேல் பிணைப்பானைப் போட்டு மெதுவான வேகத்தில் 30 விநாடி. சிமெண்டிலிருந்து கரையும் கால்சியமும் காரமும் கூழ்மத்தைச் சீக்கிரமே திரளச் செய்யும். அதற்குள் துகள்கள் எங்கும் பரவிவிட வேண்டும். கிண்ணத்தில் சிமெண்டைப் போட்டு அதன்மேல் கூழ்மத்தை நேராக ஊற்றினால், விழுந்த இடத்திலேயே கட்டி பிடிக்கும். அந்தக் கட்டியை எந்த மிக்சரும் முழுசாக உடைக்காது.

அப்புறம் பிளாஸ்டிசைசர். சிமெண்ட் சற்று நனைந்தபின் ஊற்றினால் அதே அளவு இன்னும் நன்றாக வேலை செய்யும். தொடர்ந்து 30 விநாடியில் மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, நடுத்தர வேகத்தில் 30 விநாடி ஓட்டி நிறுத்துங்கள். 90 விநாடி இடைவெளி. அதில் முதல் 15 விநாடியில் ஓரத்தில் ஒட்டியதை வழித்து உள்ளே தள்ளுங்கள். கடைசியாக நடுத்தர வேகத்தில் 60 விநாடி.

நின்றதும் கலவை பயமுறுத்தும் அளவுக்குக் கட்டியாகத் தெரியலாம். தண்ணீரை எடுக்காதீர்கள். இந்த இடத்தில் ஊற்றும் 20 மில்லி தண்ணீர் அதுவரை செய்த எல்லாவற்றையும் வீணாக்கும். தேவையானால் பிளாஸ்டிசைசரை ஒரு கிராம் கூட்டி, குறித்துவைத்து, மறுபடி ஓட்டுங்கள்.

ஃப்ளோவை உடனே ஒருமுறையும் 30 நிமிடம் கழித்து ஒருமுறையும் அளக்க வேண்டும். நானோ கலவைகள் ஓட்டத்தைச் சீக்கிரம் இழக்கும். முதல் அளவை மட்டும் நம்பினால் உண்மையான கான்கிரீட்டுக்குப் போகும்போது ஏமாற்றம்தான்.

8. முதல் 24 மணி நேரம்

சாதாரணக் கலவையில் மேலே கொஞ்சம் தண்ணீர் கசிந்து நிற்கும், அது மேற்பரப்பைக் காயாமல் காக்கும். நானோ சிலிக்கா தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் இந்தக் கசிவு மிகக் குறைவு. அச்சில் நிரப்பிச் சமன் செய்த கையோடு பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள். "அரை மணி கழித்து மூடலாம்" என்று போனவர்களின் மாதிரிகளில் முடி போன்ற விரிசல்களைப் பார்த்திருக்கிறேன்.

அச்சு கழற்றியபின் சுண்ணாம்பு நிறைந்த தண்ணீரில் வையுங்கள். வெறும் தண்ணீரில் வைத்தால் கியூபிலிருந்து கால்சியம் வெளியே கரையும். ஃப்ளை ஆஷுக்குப் பின்னாளில் அந்தக் கால்சியம் தேவை.

9. எதை, எப்போது அளப்பது

கலவை ஒன்றுக்கு 12 கியூப் இருக்கிறது: 1, 7, 28, 90 நாட்களுக்கு மூன்று மூன்றாக. 90 நாளை விட்டுவிடத் தோன்றும், விட வேண்டாம். நானோ சிலிக்கா ஆரம்பத்திலேயே கால்சியம் ஹைட்ராக்சைடைச் செலவழித்துவிடுகிறது. பிறகு வரும் ஃப்ளை ஆஷுக்கு மிச்சம் குறையும். முதல் நாளில் தெரிந்த பெரிய இடைவெளி 90 நாளில் சுருங்கலாம், மறையவும் செய்யலாம். அது தோல்வி இல்லை. நாம் வாங்க நினைத்தது ஆரம்ப வலிமைதான். ஆனால் அறிக்கையில் முதல் நாள் எண்ணை மட்டும் எழுதுவது தப்பு.

ஒரு நாள் சோதனையில் நேரம் கறாராக இருக்கட்டும். 24 மணிக்கு அரை மணி முன்பின் மட்டுமே சரி. அந்த வயதில் வலிமை மணிக்கு மணி ஏறும். காலையில் ஒரு கலவையையும் மாலையில் இன்னொன்றையும் உடைத்தால் நேரத்தைத்தான் ஒப்பிடுகிறோம்.

வினையில் வெளிவரும் வெப்பத்தை நேரத்தோடு பதிவு செய்யும் வெப்ப அளவி கிடைத்தால் அதுதான் இந்த வேலையின் கண். வித்தாக வேலை நடந்திருந்தால் முதன்மை வெப்ப முகடு முன்னே நகரும், உயரமும் கூடும். முகடு நகரவே இல்லையென்றால் துகள்கள் திரண்டுவிட்டன என்று சந்தேகிக்கலாம். எல்லாக் கலவைகளின் வெப்பத்தையும் ஒரு கிராம் சிமெண்டுக்கு என்று மாற்றி ஒப்பிடுங்கள். சுட்ட களிமண் கலவைகளில் இன்னொன்றும் கவனியுங்கள்: அலுமினேட்டின் முகடு சிலிக்கேட்டின் முகட்டோடு ஒட்டியோ அதற்கு முன்போ வந்தால் ஜிப்சம் போதவில்லை. அதைச் சரிசெய்த பிறகே நானோ பொருளை மதிப்பிட முடியும்.

கால்சியம் ஹைட்ராக்சைடு எவ்வளவு மிச்சம் என்று வெப்ப எடைப் பகுப்பாய்வில் (மாதிரியைச் சூடாக்கிக்கொண்டே எடை பார்ப்பது) சுமார் 400 முதல் 500 டிகிரி செல்சியஸ் வரையிலான எடை இழப்பு காட்டும். அதற்கு முன் மாதிரியை ஐசோபுரோபனாலில் ஊறவைத்து வினையை நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் காத்திருக்கும் நேரத்திலும் வினை ஓடிக்கொண்டே இருக்கும்.

10. ஆல்கலி தூண்டும் கலவைகளில் வரிசை மாறும் இடங்கள்

போர்ட்லேண்ட் சிமெண்டே இல்லாமல், ஃப்ளை ஆஷையும் ஸ்லாக்கையும் (இரும்பு உலைக் கசடு) சோடியம் ஹைட்ராக்சைடு, சோடியம் சிலிக்கேட் கொண்டு தூண்டும் கலவை இது. இங்கே நானோ சிலிக்காவைத் தூண்டு திரவத்தில் முதல் நாளே கலந்து வைப்பதுதான் மிகப் பொதுவான தவறு. கடும் காரத்தில் நானோ சிலிக்கா கரைந்துவிடும். மறுநாள் உங்களிடம் இருப்பது நானோ துகள் இல்லை, சிலிக்கா கூடிய வாட்டர் கிளாஸ், அதாவது சோடியம் சிலிக்கேட் கரைசல்தான். அதனாலும் வலிமை கூடலாம், ஆனால் அதற்கு மலிவான சோடியம் சிலிக்கேட்டே போதும்.

துகளாகவே வேலை செய்ய வேண்டும் என்றால் பொடியை உலர் பிணைப்பானோடு கலந்துவிட்டுத் திரவத்தைக் கடைசியில் ஊற்றுங்கள். கூடவே ஒரு ஒப்பீட்டுக் கலவையில் அதே அளவு சிலிக்காவைச் சோடியம் சிலிக்கேட் வழியாகக் கொடுத்து, சோடியத்தின் மொத்த அளவும் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒன்றாக வந்தால் நானோவுக்கு அங்கே வேலை இல்லை.

சோடியம் ஹைட்ராக்சைடு கரையும்போது கடுமையாகச் சூடாகும். தண்ணீரில்தான் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், அதன்மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். அந்தத் திரவத்தை நன்றாக ஆறவிட்டுப் பயன்படுத்துங்கள், சூட்டோடு ஊற்றினால் ஸ்லாக் கலவை கையிலேயே இறுகும். பாலிகார்பாக்சிலேட் பிளாஸ்டிசைசர் இந்தக் காரத்தில் சிதைந்துபோவதால் அதை நம்பித் தண்ணீரைக் குறைக்க முடியாது. மாதிரிகளைத் தண்ணீரில் மூழ்க வைக்காமல் பிளாஸ்டிக்கில் சுற்றி வையுங்கள், இல்லையென்றால் ஆல்கலி வெளியே கரைந்துவிடும்.

11. கார்பன் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

வலிமை கூடியதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு இது வருத்தம் தரும் விஷயம், ஏனென்றால் வேலையைத் தொடங்கியதே கார்பனுக்காகத்தான். ஃப்யூம்டு சிலிக்கா சுடரில் உருவாகிறது. கூழ்ம சிலிக்காவுக்கு மூலமான சோடியம் சிலிக்கேட்டைத் தயாரிக்க மணலையும் சோடா சாம்பலையும் 1000 டிகிரிக்கு மேல் உருக்க வேண்டும். இரண்டுமே ஆற்றலை நிறையக் கேட்பவை.

கணக்கு எளிது. ஒரு கிலோ கிளிங்கருக்கு சுமார் 0.85 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வாங்கிய நானோ சிலிக்கா கிலோவுக்கு எவ்வளவு என்று தயாரிப்பாளரின் சுற்றுச்சூழல் அறிக்கையிலிருந்து எடுங்கள். உதாரணத்துக்கு அது 5 கிலோ என்றால், 100 கிலோ பிணைப்பானில் 2 கிலோ நானோ சேர்ப்பதால் 10 கிலோ கூடும். அதை ஈடுகட்ட 10 ÷ 0.85, கிட்டத்தட்ட 12 கிலோ கிளிங்கரைக் கூடுதலாகக் குறைத்தாக வேண்டும். கூழ்மத்துக்கு இந்த எண்ணை எடுக்கும்போது அது திரவத்துக்கா திடப்பொருளுக்கா என்று பார்த்துக்கொள்ளுங்கள், 30% கூழ்மத்தில் இரண்டுக்கும் மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம் வரும்.

ஆகவே அடுத்த சுற்றில் நானோ அளவை ஏற்றாதீர்கள். 1%-இல் நிறுத்தி, சிமெண்டை 50-லிருந்து 45-க்கும் பிறகு 40-க்கும் இறக்கி, முதல் நாள் வலிமை எந்த இடம் வரை தாங்குகிறது என்று பாருங்கள்.